கல்லுக்குள்ள மிக்ஸர்!

'கடைசி பெஞ்ச் சயின்ஸ்'ல இந்த வாரம் நம்ம ஹீரோ... கல். சிரிக்காதீங்க பாஸ்! கோயில் தூண்ல இருந்து பஸ் ஸ்டாண்ட் தரை வரைக்கும், தண்டவாளத்துக்கு அடியில கொட்டிக் கிடக்கிற ஜல்லியில இருந்து உங்க வீட்டு கிச்சன் மேடை வரைக்கும், நாம மிதிக்கிறது, சாயறது, சப்பாத்தி தேய்க்கிறது எல்லாமே கல்லு மேலதான். ஆனா, 'அதுக்குள்ள என்ன இருக்கு?'னு யாரையாவது கேட்டுப் பாருங்க. 'கல்லுக்குள்ள கல்லுதான் இருக்கும், வேற என்ன பஞ்சா இருக்கும்?'னு நம்மளையே கலாய்ப்பாங்க.

எங்க சிவில் பசங்களுக்கு 'இன்ஜினீயரிங் ஜியாலஜி'னு ஒரு பேப்பர் உண்டு. 'பாஸ் மார்க் வந்தா போதும் சாமி' லிஸ்ட்ல பல பேர் அதை வெச்சிருப்பாங்க. அதுல ஒரு ரெண்டு மார்க் கேள்வி வரும்: 'கனிமம், பாறை - வேறுபடுத்துக.' எழுதுவோம், ரெண்டு மார்க் வாங்குவோம், மறந்துடுவோம். அந்த ரெண்டு மார்க் பதிலுக்குள்ள ஒரு மனுஷனோட மூச்சுக்காத்து விஷயமே ஒளிஞ்சிருக்கு. எப்படின்னு பொறுமையா பார்ப்போம், வாங்க!

மிக்ஸர் தத்துவம்

ஒரு மிக்ஸர் பாக்கெட்டைப் பிரிச்சு ஒரு கை அள்ளுங்க. ஓமப்பொடி, காராபூந்தி, வேர்க்கடலை, பொட்டுக்கடலை, நடுவுல ரெண்டு கறிவேப்பிலை. இதுல 'மிக்ஸர்'னு தனியா ஒரு ஐட்டம் இருக்கா? கிடையாது. எல்லாம் சேர்ந்தாதான் மிக்ஸர். பாறையும் அப்படித்தான். பாறைங்கிறது மிக்ஸர், அதுல கலந்திருக்கிற ஒவ்வொரு ஐட்டமும் ஒரு கனிமம். மேட்டர் இவ்ளோதான்!

கிரானைட்டை எடுத்துக்குங்க. கிட்டப் போய் உத்துப் பாருங்க. கண்ணாடித் துண்டு மாதிரி சாம்பல் கலர்ல மினுங்குறது குவார்ட்ஸ். நம்ம ஊர்ல வெங்கச்சங்கல்லுன்னு சொல்வாங்களே, அதேதான். வெள்ளையாவோ ரோஸ் கலர்லயோ தட்டையான முகத்தோட இருக்கிறது ஃபெல்ஸ்பார். கறுப்பா, ஏடு ஏடா உரிஞ்சு வர்றது மைக்கா. சின்ன வயசுல காக்காப்பொன்னுன்னு பொறுக்கி வெச்சு விளையாடினது இந்த மைக்காவைத்தான். இந்த மூணுதான் சாதாரண கிரானைட் மிக்ஸரோட மெயின் ஐட்டங்கள்.

எல்லாப் பாறையும் பல ஐட்டம் கலந்ததா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. மார்பிளைப் பாருங்க. சுத்தமான வெள்ளை மார்பிள்னா ஏறக்குறைய முழுக்க கால்சைட்னு ஒரே கனிமம்தான். அது மிக்ஸர் இல்லை, வெறும் கடலை பாக்கெட்!

அஞ்சு கண்டிஷன்

சரி, எதை வேணும்னாலும் கனிமம்னு சொல்லிடலாமா? ம்ஹூம். ஜியாலஜிக்காரங்க அஞ்சு கண்டிஷன் போடுறாங்க. ஒண்ணு, இயற்கையா உருவாகியிருக்கணும். ரெண்டு, திடப்பொருளா இருக்கணும். மூணு, செடி கொடி, உயிரினத்தோட மிச்சமா இருக்கக் கூடாது. நாலு, 'இன்னின்ன தனிமம் இன்னின்ன அளவுல'னு சொல்ற மாதிரி ரசாயன அமைப்பு இருக்கணும். அஞ்சு, உள்ளே அணுக்கள் ஒழுங்கான வரிசையில அடுக்கப்பட்டிருக்கணும்.

இதை வெச்சு ஒரு கேம் ஆடலாம். இமயமலையில விழுற பனி? அஞ்சுக்கு அஞ்சு பாஸ், அது கனிமம்! உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஐஸ்? மெஷின் செஞ்சது, அதனால முதல் கண்டிஷன்லயே அவுட். இந்துப்பு? பூமிக்கடியில இருந்து வெட்டி எடுக்கிற உப்பு, பாஸ். சர்க்கரை? கரும்புல இருந்து ஆலையில செஞ்சது, ஃபெயில். நெய்வேலி பழுப்பு நிலக்கரி? எப்பவோ செத்துப் புதைஞ்ச மரம் செடியோட மிச்சம். அதனால அதைப் பாறைன்னு சொல்லலாம், கனிமம்னு சொல்ல முடியாது. இப்படி வடிகட்டி வடிகட்டி இதுவரைக்கும் 6,000-க்கும் மேல கனிமங்களை சர்வதேச கனிமவியல் சங்கம் அங்கீகரிச்சிருக்கு.

அஞ்சாவது கண்டிஷனை மட்டும் கொஞ்சம் கவனமா மனசுல வெச்சுக்குங்க. என்.சி.சி. பரேடுல பசங்க வரிசை தப்பாம நிப்பாங்க இல்லையா? குவார்ட்ஸுக்குள்ள அணுக்கள் அப்படித்தான் நிக்குது: ஒரு சிலிக்கானுக்கு ரெண்டு ஆக்சிஜன்ங்கிற கணக்குல. அதே சிலிக்காவை உருக்கிக் கண்ணாடி ஆக்கிட்டா, கல்ச்சுரல்ஸ் ராத்திரியில ஸ்டேஜ் முன்னாடி ஆடுற கூட்டம் மாதிரி வரிசை கலைஞ்சு போயிடும். ஆளுங்க அதே ஆளுங்கதான். நிக்கிற விதம்தான் வேற. இந்த 'நிக்கிற விதம்' கடைசியில நமக்குத் தேவைப்படும்.

கல் கடையில ஒரு டெஸ்ட்

உங்க ஏரியாவுல கிரானைட், மார்பிள் விக்கிற கடை இருக்கும். வாசல்ல உடைஞ்ச துண்டுகள் குவிஞ்சு கிடக்கும். கேட்டா சும்மாவே கொடுப்பாங்க. ரெண்டு வகையிலயும் ஒவ்வொண்ணு எடுத்துக்கிட்டு வாங்க. பழைய கத்தியால கீறுங்க. மார்பிள்ல கோடு விழும். கிரானைட்ல இருக்கிற குவார்ட்ஸ் மேல கத்தியோட இரும்புதான் தேயும்.

இதுக்கு 1812-ல ஃப்ரெட்ரிக் மோஸ்னு ஒரு ஜெர்மன்காரர் மார்க் ஷீட்டே போட்டு வெச்சுட்டார். ரொம்ப மிருதுவான டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10. கால்சைட்டுக்கு 3, ஃபெல்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. நம்ம கை நகம் சுமார் இரண்டரை, கத்தி அஞ்சரை பக்கத்துல. பாட்டி காலத்துக் கல்சட்டி இருக்கே, அது மாக்கல்லு. அதுல டால்க் அதிகம். அதனாலதான் அதை மரம் மாதிரி கடைஞ்சு சட்டியாக்க முடிஞ்சுது. கிரானைட்ல அப்படி ஒரு குழம்புச் சட்டி கடையணும்னா ஆயுசு பத்தாது!

அடுத்து, ரெண்டு துண்டு மேலயும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மார்பிளோட பளபளப்பு போய் மங்கலா ஒரு தழும்பு இருக்கும். கால்சைட் ஒரு கார்பனேட். ஆசிட் பட்டா கரைஞ்சு கார்பன் டை ஆக்ஸைடை விடும். கிரானைட்ல இருக்கிற குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் எலுமிச்சைக்கெல்லாம் அசையாது. கிச்சனுக்கு கிரானைட், பூஜை ரூமுக்கு மார்பிள்னு மேஸ்திரிங்க சொல்றது சும்மா பழக்கத்துல வந்த பேச்சு இல்லை. உள்ளே இருக்கிற கனிமம்தான் அப்படிப் பேச வைக்குது.

ஒரு எச்சரிக்கை: கடைக்காரருக்கு 'கிரானைட்'ங்கிறது ஒரு பாறையோட பேர் இல்லை, பாலிஷ் ஏறுற கெட்டிக் கல்லு எல்லாமே கிரானைட்தான். 'பிளாக் கிரானைட்'னு விக்கிறதுல பெரும்பாலானது ஜியாலஜி கணக்குல கிரானைட்டே இல்லை, டாலரைட், கேப்ரோ மாதிரி பாறைகள். அதுல குவார்ட்ஸ் ரொம்பக் கம்மி, இல்லாமலே கூட இருக்கலாம். ஃபெல்ஸ்பாரும், பைராக்ஸீன்னு ஒரு கறுப்புக் கனிமமும்தான் அதுல மெயின். உண்மையான கிரானைட்னு பேர் வாங்கணும்னா, குவார்ட்ஸையும் ஃபெல்ஸ்பாரையும் சேர்த்துப் போட்ட கணக்குல குவார்ட்ஸ் மட்டும் 20-ல இருந்து 60 சதவிகிதம் வரைக்கும் இருக்கணும். அதாவது, மிக்ஸர்ல என்னென்ன இருக்குங்கிறது மட்டும் போதாது, எது எவ்வளவுங்கிறதும் முக்கியம்.

மாவு ஒண்ணு, இட்லி வேற, தோசை வேற

ஐட்டமும் அளவும் ஒண்ணா இருந்தா பாறையும் ஒண்ணாதான் இருக்குமா? அதுவும் இல்லை! ஒரே மாவுல இட்லியும் ஊத்தலாம், தோசையும் ஊத்தலாம். கிரானைட் உருவாகிற அதே குழம்பு, பூமிக்குள்ளேயே தங்கி பல ஆயிரம், பல லட்சம் வருஷம் மெதுவா ஆறினா, கனிமங்கள் கண்ணுக்குத் தெரியற அளவு பெருசா வளரும். அது கிரானைட். அதுவே எரிமலை வழியா வெளியே வந்து சட்டுனு ஆறினா, வளர நேரமே இல்லாம பொடிப் பொடியா நின்னுடும். அதுக்குப் பேர் ரையோலைட். ராஜஸ்தான்ல ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டை ஒரு பெரிய குன்று மேல உக்கார்ந்திருக்கே, அந்தக் குன்று ரையோலைட்தான்.

நம்ம சென்னைக்கும் ஒரு ஸ்டார் கல் இருக்கு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கொஞ்சம் நீலம் கலந்த கருங்கல் பார்த்திருப்பீங்க. இந்தக் கல்லுக்குப் பேர் வெச்ச கதை சுவாரஸ்யமானது. கொல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட்டா இருந்த ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு மெட்ராஸ் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வெச்சிருந்தாங்க. 1893-ல தாமஸ் ஹாலண்ட்ங்கிற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்லை ஆராய்ஞ்சு, அந்த வகைப் பாறைக்கு 'சார்னோகைட்'னு பேர் வெச்சார். இன்னிக்கு உலகம் முழுக்க ஜியாலஜி புத்தகங்கள்ல அந்தப் பேர்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலை சார்னோகைட்டை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாவும் அறிவிச்சிருக்கு.

இந்த சார்னோகைட்லயும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் உண்டு. ஆனா கூடவே ஹைப்பர்ஸ்தீன்னு ஒரு ஐட்டம் எக்ஸ்ட்ரா. அந்த ஹைப்பர்ஸ்தீன்தான் இங்கே சாட்சி சொல்ற ஆள். இப்படிப்பட்ட பாறையில அது உருவாகணும்னா ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூடு வேணும், தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கணும். தண்ணி தாராளமா இருந்திருந்தா அதே தனிமங்கள் சேர்ந்து மைக்கா மாதிரி வேற கனிமமா மாறியிருக்கும். அப்போ, இன்னிக்கு நாம பஸ்ல கடந்து போற அந்த மலை, சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்குள்ள 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்துக்கிட்டிருந்த இடம்! இதை எழுதி வெச்ச கல்வெட்டு எதுவும் இல்லை. அந்தக் கனிமமேதான் கல்வெட்டு.

மிக்ஸர் உதிர்ந்தா...

மலை அப்படியே நின்னுடுமா? வெயில், மழை, மரத்தோட வேர் எல்லாம் சேர்ந்து பாறையை மெல்ல மெல்ல உதிர்க்கும். அப்போ ஒவ்வொரு ஐட்டமும் ஒவ்வொரு வழியில போகும். ஃபெல்ஸ்பார், மழைத் தண்ணியில இருக்கிற லேசான ஆசிட் பட்டுப் பட்டு, காலப்போக்குல களிமண்ணா மாறிடும். நம்ம பானை, செங்கல் எல்லாம் அந்த வழியில வந்த மண்ணுதான். மைக்காவும் நைஞ்சு போயிடும். ஆனா குவார்ட்ஸ்? எத்தனை மழை பெஞ்சாலும், எத்தனை மைல் ஆறு உருட்டினாலும் மாறவே மாறாது. கடைசி வரைக்கும் நிக்கிற அந்தக் குவார்ட்ஸ்தான் ஆத்து மணல்ல பெரும்பகுதி. கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில சிவப்பா மினுங்கினா அது கார்னெட், கறுப்பா படிஞ்சிருந்தா பெரும்பாலும் இல்மனைட். அதுங்களும் இதே மாதிரி பாறையில இருந்து கழண்டு வந்த கெட்டிக்காரக் கனிமங்கள்தான்.

குவார்ட்ஸோட இந்தப் பிடிவாதத்தாலதான் கட்டடத்துக்கு அது ஃப்ரெண்டு. கரையாது, தேயாது, மாறாது. அதே பிடிவாதம் மனுஷ உடம்புக்குள்ள போனா?

வெள்ளைப் பவுடர் பூசின அண்ணன்

போன செமஸ்டர் லீவுல ஒரு அபார்ட்மென்ட் சைட்டுக்கு டிரெய்னிங் போயிருந்தேன். படிக்கட்டுக்கு கிரானைட் அறுத்துக்கிட்டிருந்தார் ஒரு அண்ணன். புருவம், இமை, முடியெல்லாம் வெள்ளை. மூக்கைச் சுத்தி ஒரு துண்டு மட்டும்.

''அண்ணே, தண்ணி ஊத்தி அறுத்தா தூசி பறக்காதே?''

''ஊத்தலாம் தம்பி. தரையெல்லாம் சேறாயிடும், கழுவ ஆள் கிடையாது. போட்ட கோடும் அழிஞ்சிடும். சாயந்திரத்துக்குள்ள இருபது படி முடிக்கணுமே...''

''இருமல் வருதா?''

''கல்லு வேலைன்னா இருமல் இல்லாமலா?''னு சிரிச்சுக்கிட்டே மெஷினை ஆன் பண்ணினார்.

அந்தத் தூசியில கண்ணுக்குத் தெரியறது பிரச்னை இல்லை. அதுல பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே பிடிச்சுக்கும். கண்ணுக்குத் தெரியாதது இருக்கே, நம்ம தலைமுடியோட கனத்துல பத்துல ஒரு பங்கை விடச் சின்னது, அதுதான் நேரா நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும். அங்கே காவலுக்கு இருக்கிற செல்கள் அந்தத் துகளை விழுங்கும். வேற தூசியா இருந்தா ஜீரணிச்சு வெளியே தள்ளிடும். குவார்ட்ஸை ஜீரணிக்க முடியாது. ஆறும் மழையும் கோடி வருஷத்துல செய்யாததை ஒரு செல் எங்கே செய்யும்? விழுங்கின செல்தான் சாகும். துகள் வெளியே வரும், அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். அந்த இடமெல்லாம் தழும்பாகித் தழும்பாகி நுரையீரல் விறைச்சுப் போயிடும். இதுக்குப் பேர் சிலிகோசிஸ். வந்த தழும்பைப் பழையபடி ஆக்குறதுக்கு மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் முடியும்.

இப்ப அந்த அஞ்சாவது கண்டிஷனைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-ல சிலிக்கா தூசியை அலசி ஆராய்ஞ்சப்ப, வேலை செய்யற இடத்துல மூச்சுல போற படிக சிலிக்காவை, அதாவது அணுக்கள் பரேடு வரிசையில நிக்கிறதை, மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் குரூப்ல வெச்சது. வரிசை கலைஞ்ச சிலிக்காவை அந்தக் குரூப்ல வைக்கலை. அதே சிலிக்கான், அதே ஆக்சிஜன்! நிக்கிற விதம் மட்டும்தான் வேற.

மிக்ஸர்ல எது எவ்வளவுங்கிற கணக்கும் இங்கே வருது. சுத்தமான மார்பிள் தூசியில குவார்ட்ஸ் ரொம்பக் கம்மி. கிரானைட்ல கணிசமா உண்டு. ஜோத்பூர் பக்கம் வெட்டுற மாதிரி மணற்கல்லுல அதைவிட ரொம்ப அதிகம். ராஜஸ்தான் அரசு இந்த நோய்க்காகவே 2019-ல தனியா ஒரு கொள்கை கொண்டுவர வேண்டி வந்தது. இப்போ மார்க்கெட்ல 'குவார்ட்ஸ்' மேடைன்னு ஒண்ணு ஃபேஷனா வருதே, குவார்ட்ஸ் பொடியை ரெசின்ல ஒட்டவெச்சு செய்யற செயற்கைக் கல், அதுல குவார்ட்ஸ் 90 சதவிகிதம் வரைக்கும், சிலதுல அதுக்கு மேலயும் இருக்கலாம். அதை அறுத்த இளைஞர்கள் பல பேர் சிலிகோசிஸ்ல விழுந்ததைப் பார்த்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1-ல இருந்து அந்தக் கல்லையே தடை பண்ணிடுச்சு.

பயப்படாதீங்க, ஏற்கெனவே உங்க வீட்டுல பதிச்சிருக்கிற மேடையால உங்களுக்கு ஆபத்து இல்லை. கல்லுக்குள்ள இருக்கிற வரைக்கும் குவார்ட்ஸ் சாது. அறுக்கிறப்பவும் அரைக்கிறப்பவும் பறக்கிற தூசியில மட்டும்தான் அது வில்லன். அந்தத் தூசி மேடையில சமைக்கிற நமக்கு இல்லை, அந்த மேடையை அறுத்துக் கொடுத்தவருக்கு.

நம்ம நாட்டுல 1948-ம் வருஷ தொழிற்சாலைகள் சட்டத்துலயே, டாக்டர்கள் கட்டாயம் தகவல் கொடுக்க வேண்டிய நோய்களோட பட்டியல்ல சிலிகோசிஸ் இருந்தது. ஆனா ஒரு வீட்டு வாசல்ல மெஷின் வெச்சு அறுக்கிற அண்ணனுக்கு அது ஃபேக்டரி இல்லையே! அங்கே இன்ஸ்பெக்டரும் வரமாட்டார், எக்ஸ்ரே எடுக்கிற கேம்ப்பும் வராது. இருக்கிறது வீட்டுக்காரரும் இன்ஜினீயரும்தான். நாளைக்கு அந்த இன்ஜினீயர் நாமதானே மக்களே?

அதனால சின்னச் சின்ன வேலை சில. உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ கல் அறுக்க ஆள் வந்தா, ஒரு பக்கெட் தண்ணியும் ஒரு டியூப்பும் கொடுத்து 'தண்ணி ஊத்தியே அறுங்கண்ணே, சேறை நாங்க கழுவிக்கிறோம்'னு சொல்லுங்க. முதல்ல ஷாக் அடிக்காத மாதிரி வயர், பிளக் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டு, தண்ணி ஊத்தி அறுக்கிற மாடல் மெஷினையே கொண்டுவரச் சொல்லுங்க. துண்டு போதாது, என்-95 மாஸ்க் நாலு வாங்கி வெச்சுக் கொடுங்க. கோடு அழியும்னா தண்ணியில அழியாத மார்க்கர் கொடுங்க. அறுத்து முடிச்சதும் காய்ஞ்ச தூசியைத் துடைப்பத்தால கூட்டாதீங்க, நனைச்சு வழிச்சு எடுங்க. சிவில் பசங்களுக்கு எக்ஸ்ட்ரா: நாளைக்கு எஸ்டிமேட் போடுறப்ப, சேறு கழுவுற ஆளுக்கும் ஒரு நாள் கூலி சேர்த்துப் போடுங்க. அந்த அண்ணன் தண்ணி ஊத்தாததுக்கு அவர் சொன்ன முதல் காரணமே அதுதான்.

'வேறுபடுத்துக' கேள்வி வந்தா இனிமே மிக்ஸர் படம் வரைஞ்சே ரெண்டு மார்க் வாங்கிடுவீங்கதானே? அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூம் சுவத்துல வெள்ளை வெள்ளையா பூக்குதே, அது என்ன உப்பு, எங்கே இருந்து வருது? அதுவரைக்கும்... ஜூட்!